கடன் வேறு, பணி வேறு: ஒரு கிராமத் தபால்காரருக்குப் பதில்

வட மாவட்டம் ஒன்றின் மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு தபால்காரர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 56. கிளை அஞ்சலகம் ஒன்றில் கிராமிய அஞ்சல் ஊழியராக, அதாவது ஜி.டி.எஸ். ஆக, 28 ஆண்டுகளாகத் தபால் பட்டுவாடா செய்துவருகிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் 16 ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர். அந்தக் காலத்தில் முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்தது. 2012-இல் இரண்டு முதியவர்களின் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, வாரக்கணக்கில் இழுத்தடித்த பிறகே கொடுத்திருக்கிறார். புகார் எழுந்தது; பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டு, விசாரணை நடந்து, தண்டனை பெற்று, மறுபடியும் சேர்க்கப்பட்டார். விசாரணையில் வெளிவராத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. தனியாக வாழ்ந்த ஒரு பாட்டிக்கு வந்த இரண்டு மாதப் பணத்தை, ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லிவிட்டு, படிவத்தில் வேறு ரேகையை வைத்து எடுத்துக்கொண்டார். பணம் வராமல் இருக்காது, மகள்தான் வாங்கிக்கொண்டு மறைக்கிறாள் என்று அப்போது ஊர் பேசியிருக்கிறது. பாட்டி அதே ஆண்டு இறந்துவிட்டார். மகள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார். அந்த வீட்டுக்கும் இவர்தான் தபால் கொண்டுபோகிறார். இவருடைய மனைவி 2015-இல் மகனோடு போய்விட்டார். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார், அப்பாவோடு பேசுவதில்லை.

இவர் குடியை நிறுத்தி 3 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், தபால் கொடுக்கப் போன வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து இரவெல்லாம் கிடந்ததைப் பார்த்து, 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். அன்று முதல், பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட 17 வீடுகளின் வாசலில், தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்று குரல் கொடுத்துவிட்டே போகிறார். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறார், மனு எழுதித் தருகிறார், சிலருடைய ஏ.டி.எம். அட்டையை வாங்கிக்கொண்டுபோய்ப் பணம் எடுத்து வந்து கொடுக்கிறார். “ஊரில் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். சிரித்துப் பேச எனக்கு வராது. ஆனால் இந்த 17 வீடும் இல்லாவிட்டால் காலையில் நான் எதற்காக எழுந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது” என்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் இருக்கும் இரண்டரை லட்சம் ரூபாயைக் கொண்டு முதியோர் இல்லம் தொடங்கலாமா? வருகிற ஆடித் திருவிழாவில் ஊர் முன்னிலையில் பழைய தவறைச் சொல்லிவிடலாமா? இந்தச் சேவையைப் பற்றிக் கேள்விப்பட்டால் மகன் மனம் மாறுவானா? சிடுசிடுப்பை எப்படி விடுவது? கடிதத்தின் கடைசியில், கேள்வியாக இல்லாமல், இரண்டு செய்திகள் இருக்கின்றன: இரவு 2 மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை, சென்ற மாதம் சம்பளம் வந்த அன்று டாஸ்மாக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காமல் விட்டதைப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த அரைமணி நேரம்

குடிநோயாளிகளின் மீட்பில் வேலை செய்யும் எனக்கு, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகத் தெரிவது டாஸ்மாக் எதிரே நீங்கள் நின்ற அந்த நேரம்தான். குடிநோய் மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடுகிற நீண்டகால நோய். நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னும், சம்பள நாள், பழைய கூட்டாளி, கையில் ரொக்கம், மனத்தில் ஒரு குற்ற உணர்வு என ஏதாவது ஒன்று பழைய வேட்கையைத் திடீரென்று எழுப்பிவிடக்கூடும். வேட்கை வந்ததால் உங்கள் மன உறுதி குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. வேட்கை வந்த நேரத்தில் நீங்கள் தனியாக இருந்தீர்கள், அதைச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

‘யாருடைய உதவியும் இல்லாமல் நானே நிறுத்தினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமைக்கு நீங்கள் உரியவர்தான். ஆனாலும் பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் கடுமையான மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கு அது நேராமல் போனது நல்லவேளை. இதைப் படிக்கும் வேறு யாரும் உங்கள் வழியைப் பின்பற்றாமல், மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். நிறுத்தியது உங்கள் தனி முயற்சியாக இருக்கட்டும். நிறுத்திய நிலையில் நிலைத்திருப்பதற்குத் துணை வேண்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். தூக்கமின்மையும் எரிச்சலும் மீட்புக் காலத்தின் மிச்சமாகவும் இருக்கலாம், மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதைப் பிரித்துச் சொல்ல முடியும். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரலின் நிலையைப் பரிசோதித்த பிறகு அவை உங்களுக்குத் தேவையா என்று அவர் முடிவு செய்வார். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச் செய்யும் மருந்து ஒன்று உண்டு. குடும்பத்தார் அதைத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்தானது. நோயாளிக்குத் தெரிந்து, மருத்துவரின் கண்காணிப்பில் தவிர அதைக் கொடுக்கவே கூடாது.

குடியை விட விரும்புகிறவர்களும் விட்டவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. அதன் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை, பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். அதிகம் பேசாத மனிதர்களுக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். வேட்கை வருகிற அந்த நேரத்தில் கூப்பிட ஒரு எண் வேண்டும்: போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரண்டையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கடனைச் சேவையால் கழிக்க முடியாது

உங்கள் கடிதத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டியின் பணத்தைத் திருடினேன், ஆகவே 17 பாட்டி தாத்தாக்களுக்குச் செய்கிறேன். ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன், ஆகவே கைவிடப்பட்டவர்களுக்கு ஒரு வீடு கட்டுகிறேன் என்பது அந்தக் கணக்கு. அதன் பின்னால் இருக்கிற நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு தப்பாக இருக்கிறது, அது உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் கண்ணெதிரே பார்க்கிறேன்.

பாவத்தைக் கழிப்பதற்காகச் செய்யும் சேவைக்கு ‘போதும்’ என்ற ஒரு புள்ளி கிடையாது. 17 வீடு 30 ஆகும், பிறகு இல்லம், பிறகு இன்னொன்று. உடல் ஓய்ந்து, யாரோ ஒருவர் நன்றி கெட்டுப் பேசும் ஒரு நாளில், ‘இவ்வளவு செய்தும் இதுதானா’ என்ற எண்ணம் வரும். மீட்பில் இருப்பவர்கள் மறுபடி குடிக்கத் தொடங்கும் கதைகளில் இந்த வரியை நான் அடிக்கடி கேட்கிறேன். அது மட்டுமல்ல. நீங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்களோ, அவர்களுக்கு இந்தச் சேவையால் ஒரு காசும் ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. கடன் பெயர் சொல்லி இருக்கிறது: பாட்டியின் மகள், உங்கள் மனைவி, உங்கள் மகன். அவர்களுக்குரியதை அவர்களிடமே கொடுங்கள். அதன் பிறகு 17 வீடுகளுக்கும் நீங்கள் போவது, அது உங்களுக்குப் பிடித்திருப்பதால், அவர்களுக்குத் தேவைப்படுவதால் என்ற எளிய காரணத்தோடு நிற்கட்டும்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். முதியோர் இல்லத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டரை லட்சத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, உங்கள் மனைவியும் முதுமையை நெருங்கிக்கொண்டிருக்கிற, தனக்கென வருமானம் இல்லாத ஒரு பெண்தான். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மனைவி கணவனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு தந்தது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு தருகிறது. அவர் நீதிமன்றம் போகவில்லை என்பதால் உங்கள் கடமை இல்லாமல் போய்விடவில்லை. சேமிப்பில் ஒரு பங்கையும், மாதா மாதம் ஒரு தொகையையும் அவருடைய கணக்கில் செலுத்துங்கள். அதோடு கோரிக்கையோ விளக்கமோ வைக்காதீர்கள். திருப்பி அனுப்பிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவருக்கென்று தனியே சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது மணியார்டர்

திருவிழாவில் எழுந்து நின்று சொல்வது துணிச்சலான காரியமாகத் தோன்றும். நான் அதைச் செய்யவே வேண்டாம் என்பேன். பம்பையும் உடுக்கையும் முழங்கும் இடத்தில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் அம்மா ஏமாற்றப்பட்ட கதையை முதன்முதலாகக் கேட்க வேண்டிய நிலைக்கு அந்த மகளைத் தள்ளுவீர்கள். அங்கே அவர் கோபப்பட முடியாது, அழ முடியாது, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. ‘மனுசன் திருந்திட்டான், விட்டுடும்மா’ என்று ஊர் அவருக்காக முடிவெடுத்துவிடும். உங்கள் பாரம் இறங்கும், அவர் மேல் ஒன்று ஏறும்.

மறுபக்கத்தில், பெயர் சொல்லாமல் பணத்தை மட்டும் எப்படியாவது சேர்த்துவிடும் வழியும் உங்கள் மனத்தில் ஓடியிருக்கிறது என்பதைக் கடிதத்தில் பார்க்கிறேன். பல நேரங்களில் அது போதுமானதாக இருக்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது படியே, தீங்கிழைத்தவர்களிடம் நேரில் ஈடுசெய்ய வேண்டும், ஆனால் அப்படிச் செய்வது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்துமானால் தவிர்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் மட்டும் மௌனமாகக் கொடுப்பது போதாது என்பது என் கருத்து. பணத்தை எடுத்தது மகள்தான் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அந்தப் பாட்டி இறந்திருக்கலாம். அதை நம்பியும் இறந்திருக்கலாம். பணத்தைவிடப் பெரிய கடன் அந்தப் பழி. அதை உண்மை ஒன்றுதான் தீர்க்கும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். சட்டம் என் துறை இல்லையென்றாலும், நீங்கள் எதை எதிர்கொள்கிறீர்கள் என்பதை மறைத்துவிட்டு உங்களை அனுப்ப என்னால் முடியாது. இங்கே உங்களிடம் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் விஷயம் காலாவதியாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். பொது ஊழியர் ஒருவர் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடுவது, அந்தக் காலத்துக்குப் பொருந்தும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 409-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றம். பொய்யாக ரேகை வைத்தது தனிக் குற்றம். வழக்குத் தொடரக் காலவரம்பு இருப்பது மூன்றாண்டுகளுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களுக்குத்தான். எனவே புகார் கொடுக்கப்பட்டால் வழக்கு வரக்கூடும்.

இன்னொரு பக்கம், ‘நான் வெறும் ஜி.டி.எஸ்., வாய் திறந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. உங்களைப் போன்ற ஊழியர்கள் துறைக்கு அப்பாற்பட்டவர்கள் என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே, அவர்கள் வகிப்பது அரசின் கீழான பணியிடம்தான், விசாரணையும் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் நீக்க முடியாது என்று 1977-இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணையின் முடிவில் வேலை போகலாம் என்பது உண்மை. கேட்பாரற்று நீங்கள் தூக்கி எறியப்படுவீர்கள் என்பது உண்மையில்லை.

ஆகவே, யாரிடமும் எழுத்தில் எதையும் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்கின்றன. உதவி எண் 15100. வழக்கறிஞரிடம் நடந்து முடிந்த தவறைப் பற்றி நீங்கள் சொல்வதை, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியில் சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. துறையிடம் சொல்வதா, எப்போது, எந்த வடிவில் என்பதை அவரோடு பேசி முடிவெடுங்கள்.

அதன் பிறகு அந்த மகளிடம் போவதாக இருந்தால், தபால் பையோடு போகாதீர்கள். பேச வேண்டியிருக்கிறது, எப்போது வரலாம், கூட யாரை வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். என்ன செய்தீர்கள் என்பதை நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். குடியைக் காரணமாகச் சொல்ல வேண்டாம், இப்போது செய்யும் சேவையையும் சொல்ல வேண்டாம். பணத்தை, இத்தனை ஆண்டுக்கான வட்டியோடு, அவர் முன் வையுங்கள். அவர் புகார் கொடுக்கலாம். அது அவருடைய உரிமை. ஊர் அறியச் சொல்லி என் பெயரைத் தெளிவாக்கு என்று கேட்கலாம். அப்போது எந்த இடத்தில், யார் முன்னிலையில் என்பதை அவர் சொல்லட்டும். ஒன்றுமே பேசாமல் கதவைச் சாத்திவிடவும் கூடும். இந்த மூன்றுக்கும் தயாரான பிறகு போங்கள். தயாராகச் சில மாதங்கள் ஆனால் பரவாயில்லை. மருத்துவரையும் மீட்புத் துணையையும் தேடிக்கொள்ளாமல் மட்டும் இந்த வாசலுக்குப் போக வேண்டாம், ஏனென்றால் அந்தச் சந்திப்பு முடிந்த இரவுதான் உங்களுக்கு மிக ஆபத்தான இரவாக இருக்கும்.

வேலையை விட வேண்டாம்

இல்லம் தொடங்குவதற்காக வேலையை விடுவது பற்றி என் பதில் சுருக்கமானது: விடாதீர்கள். முதியோர் இல்லம் நடத்தப் பதிவு வேண்டும். இரவு பகல் ஆள் வேண்டும். சமையல், மருத்துவம், வாடகை எல்லாம் மாதந்தோறும் வந்து நிற்கும். இரண்டரை லட்சம் சில மாதங்களில் கரைந்துவிடும், பிறகு நீங்களும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகத் தவிப்பீர்கள். தவிர, 65 வயது வரை உங்களுக்குப் பணி இருக்கிறது. இப்போது ராஜினாமா செய்தால் அதன் இறுதிப் பலன்களிலும் இழப்பு வரும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை வாங்கக் கூடாது என்பது உங்கள் பணி விதியிலேயே இருப்பதால், மிச்ச நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் வேறு. அந்த 17 வீட்டுக் கதவுகளும் திறப்பது நீங்கள் தபால்காரர் என்பதால். ஒரு கிராமத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தினமும் எல்லா வாசலிலும் நிற்கக்கூடிய மனிதர் வேறு யார்? இதை மற்ற நாடுகளின் அஞ்சல் துறைகள் உணர்ந்து முறைப்படுத்தியிருக்கின்றன. அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பதிவு செய்துகொண்ட முதியவரின் பெட்டியில் தபால் எடுக்கப்படாமல் சேர்ந்திருந்தால் தபால்காரர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். ஜப்பானில் அஞ்சல் ஊழியர் முதியவரின் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு, வெளியூரில் இருக்கும் குடும்பத்துக்கு நிலைமையை எழுதி அனுப்பும் சேவை உண்டு. பிரான்சில் 2017 முதல் தபால்காரர்கள் பெற்றோரைப் பார்த்து வந்து பிள்ளைகளுக்குத் தெரிவிக்கிறார்கள். ஆகவே நீங்கள் யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தது உலகில் பல இடங்களில் மதிக்கப்படுகிற ஒரு பணி.

அந்தத் திட்டங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். தபால்காரர் பார்க்கிறார், உரியவரிடம் சொல்கிறார். அதோடு அவர் வேலை முடிகிறது. அவர் செவிலியரோ, பிள்ளையோ ஆகிவிடுவதில்லை. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியூர்ப் பிள்ளையின் எண், அக்கம்பக்கத்தவர் ஒருவரின் எண், கிராம சுகாதார செவிலியரின் எண் ஆகிய மூன்றையும் ஒரு சிறிய நோட்டில் எழுதி வையுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலர் உங்கள் ஊருக்கும் இருப்பார். மருந்துச் சந்தேகங்களை அவரிடம் விடுங்கள். பிள்ளைகள் சாப்பாடு போடவில்லை, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பன போன்ற குறைகளுக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. நீங்கள் இந்த வீடுகளில் நிற்கிறீர்கள் என்பதைப் போஸ்ட் மாஸ்டரிடமும் அஞ்சல் ஆய்வாளரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பட்டுவாடா தாமதமாகிறது என்ற புகாருக்கு இடம் கொடுக்காதீர்கள். தபாலின் வழியாக ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதை இன்னொரு வீட்டில் பேசாமல் இருப்பதும் இதன் பகுதிதான்.

ஏ.டி.எம். அட்டைகள்

இது பொறுத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. நாளைக்கே எல்லா அட்டைகளையும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, ரகசிய எண்ணைப் பிள்ளைகளின் உதவியோடு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களை நம்பாமல் நான் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு யாருடைய கணக்கிலாவது 500 ரூபாய் குறைந்தால், எடுத்தது பேரனாக இருந்தாலும், 2012-ஐ நினைவில் வைத்திருக்கும் ஊர் உங்களைத்தான் பார்க்கும். அதோடு, மற்றவர்களின் ரொக்கம் தினமும் உங்கள் கையில் புரள்வது உங்கள் நோய்க்கு நல்லதல்ல.

வீட்டு வாசலில் பணம் எடுத்துக் கொடுக்க முறையான வழி உங்கள் துறையிலேயே இருக்கிறது. 2018-இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் கருவியில், ஆதார் இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் கைரேகை வைத்துப் பணம் பெற முடியும். அதையும் விதிகளோடு செய்யுங்கள். எடுக்கும் தொகையைச் சத்தமாகச் சொன்ன பிறகே விரலை வைக்கச் சொல்லுங்கள். ரேகை பதியாமல் மறுபடி வைக்க வேண்டி வந்தால், முதல் முறை பணம் கழியவில்லை என்பதை உறுதி செய்து, அதையும் அவரிடம் சொல்லுங்கள். பணத்தை அக்கம்பக்கத்தவர் ஒருவர் முன்னிலையில் எண்ணிக் கொடுங்கள். குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டுங்கள். தொகையை அவர்கள் வீட்டிலேயே இருக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘நீயே வைத்திரு, அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதிவதே இல்லை என்றால், அவரை வங்கிக்கு அழைத்துப்போகப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சிடுசிடுப்பும் மகனும்

சிரிக்கப் பழக வேண்டும் என்ற கவலையை விடுங்கள். அந்த 17 பேரும் உங்கள் சிரிப்புக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறீர்கள் என்பதற்காகக் காத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டியது இரண்டே பழக்கங்கள். காது மந்தமானவர்களிடம் கத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தினால் சொல் விளங்குவதில்லை, கோபம் மட்டுமே விளங்கும். எதிரே நின்று, முகம் தெரிய, கீச்சிடாத கனத்த குரலில், நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். விடுப்பில் போகும்போது முந்தைய நாளே அதைத் தெரிவித்துவிடுங்கள். வராத நாளில் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இவை தவிர்த்த எரிச்சல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

மகன் விஷயத்தில் உங்கள் எதிர்பார்ப்பைத்தான் நான் முதலில் திருத்த வேண்டும். ஊருக்கு நல்லவராக இருக்கும் அப்பாவைப் பற்றி அவர் காதில் விழுந்தால், அது அவரை நெகிழ வைக்கும் என்று நினைக்கிறீர்கள். பன்னிரண்டு வயதில் உங்களைக் கடை வாசலிலிருந்து கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்த பையன் அவர். ‘எங்களுக்கு இல்லாத அப்பா ஊரார் வீட்டுக்குக் கிடைத்திருக்கிறார்’ என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றக்கூடும், அப்படித் தோன்றினால் அதில் நியாயம் இருக்கிறது. எனவே உறவினர் வழியாகச் செய்தி அனுப்புவதையும், பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுவதையும் நிறுத்துங்கள். அவருடைய வேலை இடத்துக்குப் போகாதீர்கள்.

ஒரு கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மிகாமல். அவருக்கும் அவர் அம்மாவுக்கும் நீங்கள் செய்தவற்றில் உங்களுக்கு நினைவிருக்கும் மூன்று நான்கு சம்பவங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘ஏதாவது தப்பு செய்திருந்தால்’ என்ற சொல் அதில் வரக் கூடாது. குடியை நிறுத்திய மாதத்தையும், சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்; ஆகவே மருத்துவரைப் பார்த்த பிறகே இந்தக் கடிதத்தை எழுத வேண்டும். அம்மாவின் கணக்கில் இனி மாதந்தோறும் பணம் வரும் என்பதைத் தெரிவியுங்கள். மன்னிப்பை வேண்டலாம், பதிலை வேண்டாதீர்கள். உங்கள் எண்ணைக் கீழே எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் வேண்டாம். எண்ணோ முகவரியோ மாறினால் மட்டும் ஒரு அஞ்சலட்டையில் அதைத் தெரிவியுங்கள்.